பேய் அடுத்து எந்தக் கட்டத்துக்கு நகரும்?

விமர்சகர்களைப் பிரித்த ஒரு விளையாட்டும், சராசரிப் புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் கணிதமும்

இருட்டிவிட்ட பள்ளிக்கூடம். அதன் அறைகளும் நடைவழிகளும் கட்டடத் திட்ட வரைபடம்போல் கட்டம் கட்டமாகத் திரையில் விரிகின்றன. ஒரு கட்டத்தில் பேய் நிற்கிறது. இரண்டு கட்டம் தள்ளி உங்கள் ஆள். அடிக்கச் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் ஆளும் பேயும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். அடி விழும் நொடியில் பேய் அங்கே இருக்காது. அப்படியானால் அது எங்கே போயிருக்கும்?

இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்ட விளையாட்டுதான் 'டோக்கியோ டுவைலைட் கோஸ்ட் ஹண்டர்ஸ்'. ஜப்பானின் டாய்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2014 ஏப்ரலில் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் அதை ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3, பிளேஸ்டேஷன் வீட்டா ஆகிய இரு கருவிகளுக்கும் வெளியிட்டது. மறு ஆண்டு மார்ச்சில் அக்ஸிஸ் கேம்ஸ் வழியாக ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்கு வந்தது. வந்ததும் விமர்சகர்கள் பிரிந்து நின்றார்கள். படங்கள் அருமை, சூழல் அருமை என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டை பேயைப் பற்றித்தான்.

மாணவர்களே, அறிவியல் பக்கத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு விளையாட்டை வாங்கலாமா என்று பார்க்கும்போது உங்கள் கண் முதலில் எதைத் தேடுகிறது? ஓர் எண்ணை. அது 59 ஆக இருக்கலாம், 89 ஆக இருக்கலாம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விழுங்குகிறது என்பது முழுக்க முழுக்கப் புள்ளியியல். அதைப் பேச இந்தப் பேய் விளையாட்டைப்போல் வசதியான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பேய் விரட்டும் பத்திரிகை

கதை டோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரத்தில் நடக்கிறது. நாயகன் குரேனாய் உயர்நிலைப்பள்ளிக்குப் புதிதாக மாறி வரும் மாணவன். வந்த வேகத்தில் பள்ளிக்குள்ளேயே ஓர் ஆவியைச் சந்திக்கிறான். விரைவில் 'கேட் கீப்பர்ஸ்' என்ற கும்பலோடு சேர்ந்துவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் அது மர்மச் செய்திகள் போடும் இதழை நடத்தும் சின்னப் பதிப்பகம். உள்ளே நடப்பது பேய் விரட்டும் தொழில். பகலில் வகுப்பு, இரவில் வேட்டை. தொலைக்காட்சித் தொடர்போல் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தொடக்கப் பாடல், முடிவுப் பாடல் எல்லாம் உண்டு.

வேட்டைக்குப் போகும்முன் பொறிகள் வைக்கலாம். சில இடங்களை அடைத்துப் பேயின் பாதையைச் சுருக்கலாம். நான்கு பேர்வரை குழுவாகச் செல்லலாம். ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் நகரலாம், எத்தனை முறை அடிக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அடி பேய்மேல் விழாமல் மேசை நாற்காலிமேல் விழுந்தால் உடைந்த பொருளுக்கான செலவு கூலியில் கழிக்கப்படும். பேய் விரட்டப் போனவன் பள்ளிக்கூடச் சாமான்களுக்குப் பணம் கட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால் ஐந்து முறை காற்றை வெட்டிவிட்டு அலமாரிக்கும் காசு கட்டும்போது எல்லோருக்கும் சிரிப்பு வராது என்பதும் நியாயம்தான்.

விமர்சகர்கள் எழுதியதைத் தொகுத்தால் ஒரு வினோதம் தெரிகிறது. உண்மைகளில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பேயின் நகர்வை ஊகிக்க வேண்டியிருக்கிறது, வெறுங்காற்றை அடிப்பது அடிக்கடி நடக்கிறது, விளையாட்டு தன் விதிகளைச் சரியாக விளக்குவதில்லை: இவை மூன்றையும் பெரும்பாலோர் சொன்னார்கள். ஒருவர் 'ஆகவே இது வெறும் குருட்டு அடி' என்று முடித்தார். இன்னொருவர் 'ஆகவே இது உண்மையான வேட்டைபோல் இருக்கிறது' என்று முடித்தார். குறை சொன்னவர்களே அதிகம்.

நான்கு முறை தவறினால்

ஏன் இந்தப் பிளவு? ரசனை ஒரு காரணம். ஆனால் ரசனைக்கு முன்னால் எளிய நிகழ்தகவு இருக்கிறது. பள்ளியில் 'கெபாராங்காலியான்' என்று மலாயில் படிக்கிறீர்களே, அதுதான்.

கணக்கை எளிமையாக்குவோம். பேய் அடுத்த சுற்றில் நான்கு கட்டங்களில் ஏதோ ஒன்றுக்குப் போகும், நான்குக்கும் வாய்ப்பு சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே ஒரு கட்டத்தை அடிக்கிறீர்கள். அடி படும் வாய்ப்பு 1/4. தவறும் வாய்ப்பு 3/4. தொடர்ந்து நான்கு சுற்றும் தவறுவதற்கான வாய்ப்பு, 3/4-ஐ நான்கு முறை பெருக்கினால், 81/256. கிட்டத்தட்ட 32 விழுக்காடு. அதாவது இப்படி ஆடும் மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர், எந்தத் தப்பும் செய்யாமல், முதல் நான்கு சுற்றிலும் காற்றையே வெட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது இரண்டு ஆட்களை இரண்டு வேறு கட்டங்களை அடிக்கச் சொல்லுங்கள். தவறும் வாய்ப்பு 1/2. நான்கு முறை தொடர்ந்து தவறுவது 1/16, சுமார் 6 விழுக்காடு. மூன்று பேர் மூன்று கட்டங்களை மூடினால் அது 1/256. நூற்றில் ஒன்றுகூட இல்லை.

உண்மையான விளையாட்டில் பேய்கள் இவ்வளவு எளிமையாக நகர்வதில்லை. ஆயுதங்களின் வீச்சும் வேறுபடும். ஆனாலும் கணக்கு காட்டும் வழி தெளிவு. எல்லோரையும் ஒரே இடத்தில் குவித்து அடித்த விமர்சகரும், ஆட்களைப் பரப்பி நிறுத்தி வலை விரித்த விமர்சகரும் ஒரே வட்டைப் போட்டு விளையாடினாலும் இரண்டு வெவ்வேறு மாலைப்பொழுதுகளைக் கழித்திருப்பார்கள். முன்னவர் எரிச்சலோடு எழுதியதும் நேர்மையான விமர்சனம். பின்னவர் மகிழ்ச்சியோடு எழுதியதும் நேர்மையான விமர்சனம். பரப்பி நிறுத்து என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இருவரும் ஒரே மாதிரி எழுதியிருக்கக்கூடும். விளையாட்டு அதைச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டின் சாரம்.

மனத்தைப் படிக்கும் இயந்திரம்

ஒருவரையொருவர் ஊகிக்கும் விளையாட்டு கணிதத்துக்குப் புதியது அல்ல. உங்கள் நண்பரும் நீங்களும் ஆளுக்கு ஒரு நாணயத்தை மறைத்துவைத்து ஒரே நேரத்தில் காட்டுங்கள். இரண்டும் ஒரே பக்கமாக இருந்தால் நீங்கள் வென்றீர்கள். வேறுவேறாக இருந்தால் அவர் வென்றார். இதில் சிறந்த உத்தி எது? ஹங்கேரியில் பிறந்த கணிதமேதை ஜான் ஃபான் நாய்மன் 1928-இல் வெளியிட்ட தேற்றம் இதற்குப் பதில் தருகிறது: பூவா தலையா என்பதைச் சரிபாதி வாய்ப்போடு, எந்த ஒழுங்கும் இல்லாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிச் செய்பவரை யாராலும் ஊகித்துத் தோற்கடிக்க முடியாது.

இதில் சிக்கல் என்னவென்றால் மனிதர்களுக்கு ஒழுங்கில்லாமல் இருக்கத் தெரியாது. மூன்று முறை தலை காட்டியவுடன் 'போதும், மாற்றுவோம்' என்று மனம் சொல்லும். தோற்றவுடன் பக்கத்தை மாற்றுவோம். 1950-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹேகல்பார்கர் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதைப் பார்த்துவிட்டு கிளாட் ஷானன் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தார். இன்றைய எல்லா மின்னணுத் தொடர்புக்கும் அடிப்படையான தகவல் கோட்பாட்டைத் தந்தவர் இதே ஷானன்தான். அவருடைய இயந்திரம், எதிராளி வென்றபின் என்ன செய்கிறார், தோற்றபின் என்ன செய்கிறார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதே நிலைமை மீண்டும் வரும்போது பழைய பழக்கத்தைப் பார்த்து ஊகிக்கும். அவ்வளவுதான். மனிதர்களோடு ஆடி அந்த இயந்திரங்கள் பாதிக்குமேல் வென்றன.

இங்கிருந்து பேய்க்கு வருவோம். ஊகிக்கும் விளையாட்டு சுவையாக இருக்க வேண்டுமென்றால் எதிராளிக்குப் பழக்கம் இருக்க வேண்டும். எதிராளி முழுக்க ஒழுங்கற்று நகர்ந்தால் நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் வாய்ப்பு மாறாது, அது சூதாட்டம். முழுக்க ஒழுங்கோடு நகர்ந்தால் இரண்டாம் சுற்றிலேயே அலுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. இந்தப் பேய் எப்போதும் அருகில் இருப்பவரை நோக்கி வருகிறது, அந்தப் பேய் அடிபட்டால் ஓடுகிறது என்று மெல்ல மெல்லப் பிடிபடும் இடம். டோக்கியோ பேய்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு என்று சொன்ன விமர்சகர்கள் இருந்தார்கள். பிடிபடவே இல்லை என்றவர்கள் அவர்களைவிட அதிகம். பழக்கம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் ஒருவர் விளையாட்டை முடிக்கிறார் என்றால், குறை அவரிடம் மட்டும் இல்லை என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடும் விளையாட்டு

பள்ளிக்கூடத்தையே களமாக வைத்த இன்னொரு வியூக விளையாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நின்டெண்டோ 2019-இல் வெளியிட்ட 'ஃபயர் எம்பளம்: திரீ ஹவுசஸ்'. அதில் நீங்கள் ஒரு பயிற்சிக் கழகத்தின் ஆசிரியர். பாடம் நடத்தி, மாணவர்களோடு சாப்பிட்டு, அவர்களையே போருக்கு அழைத்துச் செல்வீர்கள். மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் சராசரி 89.

அது கதையால் மட்டும் அந்த எண்ணைப் பெறவில்லை. அடிக்கும் முன்பே எல்லாவற்றையும் காட்டிவிடும்: அடி பட எத்தனை விழுக்காடு வாய்ப்பு, பட்டால் எவ்வளவு சேதம், அடுத்த முறை எந்த எதிரி உங்களில் யாரைக் குறிவைக்கப் போகிறான் என்பதற்கு ஒரு கோடு. அப்படியும் தப்பாகப் போனால் நேரத்தைப் பின்னோக்கிச் சுழற்றவும் சில வாய்ப்புகள் உண்டு.

ஃபயர் எம்பளம் தொடரில் இன்னொரு தந்திரமும் இருந்தது. 2002-இல் வந்த ஒரு பாகத்திலிருந்து, அடி படுகிறதா என்பதைத் தீர்மானிக்க ஒரு குருட்டெண்ணுக்குப் பதில் இரண்டை எடுத்து அவற்றின் சராசரியைப் பயன்படுத்தினார்கள். இரண்டு பகடைகளை உருட்டினால் நடுத்தர எண்களே அதிகம் விழும் அல்லவா? அதே விளைவுதான். திரையில் 80 விழுக்காடு என்று தெரிந்தால் உண்மையான வாய்ப்பு சுமார் 92. திரையில் 20 என்றால் உண்மையில் சுமார் 8. படும் என்று தோன்றுவது பெரும்பாலும் படும். படாது என்று தோன்றுவது பெரும்பாலும் படாது. எண் பொய் சொல்கிறது, ஆனால் விளையாடுபவரோ 'நியாயமாக இருக்கிறது' என்கிறார்!

'சிவிலைசேஷன்' தொடரை உருவாக்கிய சிட் மையர் 2010-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பு தங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது தோற்றால், ஏதோ கோளாறு என்றே விளையாடுபவர்கள் நினைக்கிறார்கள். அதே வாய்ப்பு தங்களுக்கு எதிராக இருந்து வென்றால் யாரும் புகார் சொல்வதில்லை. நம் மனம் நிகழ்தகவை அப்படித்தான் படிக்கிறது. பேய் வேட்டை விளையாட்டு இந்த மனத்துக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. துணிச்சல்தான். அதற்கான விலையைப் புள்ளிகளில் கொடுத்தது.

பெயரில்லாத பொத்தான்கள்

விமர்சகர்கள் ஏறக்குறைய ஒன்றுகூடிப் புகார் சொன்னது சண்டையைப் பற்றி அல்ல, பேச்சைப் பற்றி. மற்ற பாத்திரங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் திரையில் ஒரு சக்கரம் வரும். முதலில் ஓர் உணர்ச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து ஐம்புலன்களில் ஒன்றை. இரண்டும் சேர்ந்து உங்கள் செயலாகும். நட்போடு கையைச் சேர்த்தால் கை குலுக்கல். தெரியாத்தனமாக நாக்கைத் தேர்ந்தெடுத்தால் எதிரே நிற்பவரை நக்கிப் பார்க்க முயல்வான் நம் நாயகன். எந்தச் சின்னம் எதைக் குறிக்கிறது என்று விளையாட்டு எங்கேயும் சொல்லாது. யோசித்து முடிக்க நேரமும் தராது.

அறிவியலில் இதைக் கரும்பெட்டி என்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே ஒன்றைப் போட்டு, வெளியே என்ன வருகிறது என்று பார்த்து, விதியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருக்கச் சொல்வார்களே, அது கரும்பெட்டியைத் திறக்கும் சாவி. ஆனால் இந்தச் சக்கரத்தில் அது வேலை செய்யாது. அதே 'நட்பு, கை' என்பதை இரண்டு பேரிடம் சோதித்தால் இரண்டு விதமான எதிர்வினை வரும், ஏனென்றால் ஆளும் மாறுகிறார், சூழலும் மாறுகிறது. ஒரே சோதனையை மீண்டும் செய்ய வேண்டுமென்றால் முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். பொறுமைசாலிகள் அதைச் செய்து அட்டவணை போட்டார்கள். விமர்சகருக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. விளையாட்டு கடைக்கு வருமுன்பே அவர் ஆடி முடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பு தந்து உதவ அப்போது வேறு யாரும் அதை ஆடியிருக்க மாட்டார்கள்.

ஆகவே விமர்சனம் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர் எந்த நிலைமையில் ஆடினார்? அளவீட்டில் கருவியும் ஒரு பகுதி. விமர்சகர்தான் இங்கே கருவி.

சராசரி விழுங்குவது

இனி எண்ணுக்கு வருவோம். ஜப்பானில் 1986 முதல் வெளிவரும் 'ஃபமிட்சு' இதழில் ஒரு விளையாட்டை நான்கு பேர் ஆடுவார்கள். ஆளுக்குப் பத்துப் புள்ளி, மொத்தம் 40. முழு 40 வாங்கிய முதல் விளையாட்டு 1998-இல் வந்த 'செல்டா: ஒகாரினா ஆஃப் டைம்'. நான்கு பேரின் தனித்தனி எண்களும் அச்சில் இருக்கும் என்பது இந்த முறையின் நல்ல குணம். 9, 9, 6, 6 என்று இருந்தால் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

2001-இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் வேறு வழி. பல இதழ்களின், தளங்களின் மதிப்பீடுகளைத் திரட்டி, எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றி, எடையிட்ட சராசரி காண்கிறது. சில விமர்சகர்களின் எண்ணுக்கு மற்றவர்களைவிட அதிக எடை; யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிடுவதில்லை. குறைந்தது நான்கு விமர்சனங்கள் சேர்ந்த பிறகே எண் வரும். விளையாட்டுகளில் 75-உம் அதற்குமேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. நம் பேய் வேட்டை விழுந்தது மஞ்சளில்.

மாற்றும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. எழுத்துத் தரம் கொடுக்கும் விமர்சகரின் ஏ 100 ஆகிறது, பி 75, சி 50. 'சி' என்று எழுதியவர் 'பரவாயில்லை, சுமார்' என்று நினைத்திருக்கலாம். ஆனால் விளையாட்டு விமர்சன உலகில் 50 என்றால் 'கிட்டேயே போகாதே' என்று பொருள். அங்கே 70-க்குமேல்தான் பேச்சே.

இன்னொரு சிக்கல் சராசரிக்கே உரியது. இரண்டு கற்பனை விளையாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்கு ஐந்து விமர்சகர்கள் தந்தவை 58, 59, 60, 61, 62. இரண்டாவதுக்கு 40, 45, 60, 75, 80. கூட்டிப் பாருங்கள்: இரண்டும் 300. சராசரி இரண்டுக்கும் 60. ஆனால் முதல் விளையாட்டு எல்லோருக்கும் சுமார். இரண்டாவது விளையாட்டோ சிலருக்கு விருந்து, சிலருக்குத் தண்டனை.

படிவம் 4 கணிதத்தில் 'சிசிஹான் பியாவாய்' வருகிறது. தமிழில் திட்ட விலக்கம். ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் காண்பது. முதல் விளையாட்டில் அது 1.4. இரண்டாவதில் 15.8. சராசரியோடு இந்த ஓர் எண்ணையும் சேர்த்துப் போட்டாலே போதும், பாதிக் குழப்பம் தீரும். ஏனோ யாரும் போடுவதில்லை. எண் ஒன்றாக இருந்தால்தான் பெட்டியின்மேல் பெரிதாக அச்சடிக்க முடியும் போலிருக்கிறது.

நீராவி அடுப்பைப்போல் பெயர் வைத்திருக்கும் ஸ்டீம் கடையில் பார்க்கும் விழுக்காடு இதிலிருந்தும் வேறுபட்டது. அது சராசரிப் புள்ளியே அல்ல. 'பரிந்துரைக்கிறேன்' என்று சொன்னவர்களின் பங்கு. நூறு பேரும் 'ஏதோ பரவாயில்லை' என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினாலும் அங்கே 100 விழுக்காடுதான். அதனால் ஸ்டீமின் 85-ஐயும் மெட்டாகிரிட்டிக்கின் 85-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, உயரத்தையும் எடையையும் ஒப்பிடுவதுபோல்.

ஒரே ஒரு புள்ளி

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு என்று நினைத்தால், 2010-இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கதையைக் கேளுங்கள். அதை உருவாக்கியது ஒபிசிடியன் நிறுவனம், வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் உருவாக்கியவர்களுக்கு ஊக்கத்தொகை என்பது உடன்பாடு. கிடைத்தது 84. தொகை கிடைக்கவில்லை. ஒபிசிடியனின் கிறிஸ் அவெலோன் 2012-இல் இதை வெளியே சொன்னபோதுதான் பலருக்கும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரிந்தது.

84-க்கும் 85-க்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். 40 விமர்சனங்கள், திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியின் திட்டப் பிழையைக் காண 12-ஐ 40-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை சுமார் 1.9. அதாவது வேறு 40 பேர் விமர்சித்திருந்தால் சராசரி இரண்டு புள்ளி மேலேயோ கீழேயோ போயிருப்பது மிகச் சாதாரணம். ஒரு புள்ளி என்பது இந்தத் தராசின் நடுக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் ஊக்கத்தொகையை அந்த நடுக்கம் தீர்மானித்தது. ஒன்பது விமர்சனங்கள் மட்டுமே கிடைக்கும் சின்ன விளையாட்டுகளில் நடுக்கம் இன்னும் பெரிது: அதே 12-ஐ ஒன்பதின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 4.

ரசிகர் புள்ளிகள் இன்னொரு கதை. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் போட்டார்கள். இருபது மணி நேரத்துக்குமேல் ஓடும் கதையை அவர்கள் முடித்திருக்க முடியாது. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது. விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ரசிகர்கள் புள்ளி போடலாம்.

விமர்சனத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது?

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். விமர்சனத்தில் விளையாட்டு என்ன செய்கிறது என்று சொல்லும் வரிகளின் கீழே ஒரு கோடு. அதைப் பற்றி எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லும் வரிகளின் கீழே இரண்டு கோடு. 'பேயின் அடுத்த இடம் திரையில் உறுதியாகத் தெரியாது' என்பது ஒற்றைக் கோடு. 'அது எரிச்சலூட்டுகிறது' என்பது இரட்டைக் கோடு. மூன்று விமர்சனங்களை இப்படிப் படித்து ஒற்றைக் கோட்டு வரிகளை மட்டும் தனியே எழுதுங்கள். மூவரும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்த உண்மையை நம்பலாம். பிறகு அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ஊகித்து ஆடப் பிடிப்பவர்களுக்கு 'தெரியாது' என்ற அந்தச் சொல்லே விளம்பரம். எல்லாம் திரையில் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அதுவே எச்சரிக்கை. எண்ணைப் பார்த்து இந்த இரண்டில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நண்பரோடு நாணய விளையாட்டையும் ஆடிப் பாருங்கள். ஐம்பது சுற்று ஆடி ஒவ்வொன்றையும் தாளில் குறியுங்கள். அவர் தோற்ற அடுத்த சுற்றில் எத்தனை முறை பக்கத்தை மாற்றினார் என்று எண்ணுங்கள். பாதிக்குமேல் இருந்தால் ஷானனின் இயந்திரம் செய்ததையே நீங்களும் செய்யலாம்: அடுத்த ஐம்பதில் அந்தப் பழக்கத்தின்மேல் பந்தயம் கட்டுங்கள். காசு வைக்காமல்தான்!

பேய் வேட்டைக்காரர்கள் என்ன ஆனார்கள்? 2016-இல் 'டேபிரேக் ஸ்பெஷல் கிக்ஸ்' என்ற பெயரில் அதே விளையாட்டின் திருத்திய பதிப்பு ஆங்கிலத்தில் வந்தது. சண்டை முறையில் கை வைத்திருந்தார்கள், புதிய கதைகளும் பாத்திரங்களும் சேர்ந்திருந்தன, பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்தது. அதற்கு விமர்சகர்கள் புதிதாகப் புள்ளி போட்டார்கள். 2015 பதிப்பின் பக்கத்தில் பழைய எண் அப்படியே மஞ்சளில் இருக்கிறது.